எண்ணப் பதிவேடு எழுதியும் மலைப்பாதை பஸ் பயம் குறையவில்லை: சிபிடியில் அடுத்து என்ன செய்வது?

குன்னூர் செவிலி (கேள்வி):

வணக்கம். மனநல மருத்துவர் ஒருவரின் மேற்பார்வையில் ஆலோசனை தருகிற செவிலியர் நான். சிபிடி (எண்ணத்தையும் செயலையும் மாற்றிப் பயத்தைக் குறைக்கும் பேச்சு சிகிச்சை) அடிப்படைப் பயிற்சி முடித்திருக்கிறேன். ஒருவர் விஷயத்தில் மேலே நகர வழி தெரியவில்லை. அவருடைய சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

முப்பது வயதைத் தாண்டிய பெண். வேலை நிமித்தம் அடிக்கடி கோவைக்குப் போக வேண்டும். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது ஒரு தடவை பஸ்ஸில் பேனிக் அட்டாக் வந்தது. நெஞ்சு படபடப்பு, காது அடைப்பு, வியர்வை, கை மரத்துப்போவது எல்லாம். அதற்கப்புறம் பஸ் ஏறுவதே இல்லை. தெரிந்தவர் காரில் முன் சீட் கிடைத்தால் மட்டும் போகிறார். ஈசிஜி, தைராய்டு, ஹீமோகுளோபின் எல்லாம் சரியாக இருக்கின்றன.

எண்ணப் பதிவேடு எழுதச் சொல்லிக் கொடுத்தேன், ஒழுங்காக எழுதுகிறார். சூழ்நிலை: "பஸ் ஏறணும்". எண்ணம்: "எனக்கு ஏதாவது ஆயிடுமோ". நம்பிக்கை 90. எதிர்ச் சான்று: "டாக்டர் எல்லாம் நார்மல்னு சொல்லிட்டார்". மாற்று எண்ணம்: "எனக்கு ஒன்றும் ஆகாது". அதன் நம்பிக்கை 80 என்று போடுகிறார். ஆனால் பஸ் ஸ்டாண்டுக்குப் போனதும் திரும்பி வந்துவிடுகிறார். "மூளைக்குத் தெரியுது சிஸ்டர், மனசுக்குத்தான் தெரிய மாட்டேங்குது" என்கிறார்.

எங்கே பிசகுகிறது? மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்திருக்கிறேன், அது சரியா? கைப்பையில் எப்போதும் பதற்றத்தைத் தணிக்கும் அல்பிரஸோலம் மாத்திரை ஒன்று வைத்திருக்கிறார், அதை என்ன செய்வது?

---

நீலமலை உளவியல் (பதில் 1):

சிஸ்டர், நீங்கள் தொடங்கிய இடம் சரி. பதிவேட்டோடு நின்றுவிட்டதுதான் குறை. பேனிக்கில் பதிவேடு முன்வேலை மட்டுமே. நம்பிக்கை மாறுவது செய்து பார்க்கும்போதுதான்.

முதலில் அந்தத் தாளையே பாருங்கள். "ஏதாவது ஆயிடுமோ" என்பது கேள்வி. கேள்விக்குச் சான்று தேட முடியாது. அதனால்தான் மாற்று எண்ணமும் "ஒன்றும் ஆகாது" என்று மொட்டையாக வந்து நிற்கிறது. கேள்வியை முற்றுப்புள்ளி வைத்த வாக்கியமாக்கச் சொல்லுங்கள். "ஏதாவதுன்னா எது?" "மயக்கம் வரும்." "எந்த இடத்துல?" "மரப்பாலம் தாண்டுறதுக்குள்ள." "மயக்கம் வந்தா அதுல மோசமானது எது?" "வளைவுல பஸ்ஸ நிறுத்த மாட்டாங்க." "நிறுத்தலைன்னா?" "கத்திடுவேன், எல்லாரும் பைத்தியம்னு பாப்பாங்க." இப்படி நாலைந்து கேள்வி கேட்டால், ஒரே பயமாகத் தெரிந்தது மூன்று தனித்தனிக் கணிப்பாகப் பிரியும்: மயங்கி விழுவேன், பஸ் நிற்காது, கட்டுப்பாடு இழந்து அவமானப்படுவேன். ஒவ்வொன்றுக்கும் தனியாக 0 முதல் 100 வரை மதிப்பெண் வாங்குங்கள். எது உயரமோ அதுதான் உங்கள் இலக்கு. "டாக்டர் நார்மல்னு சொல்லிட்டார்" என்ற சான்று மூன்றாவது கணிப்பைத் தொடவே தொடாது. மனசுக்குத் தெரியவில்லை என்று அவர் சொல்வதன் பாதிக் காரணம் இது.

அடுத்து, அவர் சொற்களாலேயே ஒரு வட்டம் வரையுங்கள். உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986-இல் பேனிக்குக்கு முன்வைத்த விளக்க மாதிரி இது: உடலில் ஓர் உணர்வு, அதை ஆபத்து என்று வாசிப்பது, பயம், பயத்தால் அந்த உணர்வே பெருகுவது, மறுபடி வாசிப்பு. நம் மலைப்பாதையில் இந்த வட்டத்துக்குத் தீனி அதிகம். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குச் சுமார் 1,500 மீட்டர் இறங்குகிறோம். காற்றழுத்தம் ஏறுவதால் காது அடைக்கும். குன்னூரில் போட்ட ஸ்வெட்டரோடு கல்லாறு வெயிலுக்கு வந்தால் யாருக்கும் வியர்க்கும். 14 கொண்டை ஊசி வளைவுகளும் உள்காதைக் கலக்கித் தலையைச் சுற்ற வைக்கும். உங்கள் ஆள் சொன்ன காது அடைப்பும் வியர்வையும் பாதையே தருபவை. அவர் அவற்றை அட்டாக்கின் முன்னறிவிப்பாக எடுத்துக்கொள்கிறார். "பஸ்ஸில் இருந்த மற்றவர்களுக்குக் காது அடைத்திருக்குமா?" என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு கேள்வி பல நேரம் பத்துத் தாள் வேலையைச் செய்யும்.

கை மரத்துப்போவது வேகமாக மூச்சு விடுவதால். கார்பன் டை ஆக்சைடு குறைந்தால் விரல் நுனி, உதடு எல்லாம் மதமதக்கும், தலை லேசாகும். மயக்கத்துக்கு இரத்த அழுத்தம் சட்டென்று இறங்க வேண்டும். பேனிக்கில் அது பொதுவாக ஏறத்தான் செய்கிறது. (இரத்தம், ஊசி பார்த்தால் வரும் பயம் மட்டும் வேறு. அதில் நிஜமாகவே அழுத்தம் இறங்கி மயங்குவார்கள். அந்தப் பழக்கம் உண்டா என்று கேட்டுவிடுங்கள்.) இந்த விளக்கத்தைச் சொல்லிவிட்டு நிறுத்தினால் இதுவும் மூளைக்கு மட்டும்தான் போகும்.

ஆகவே பஸ்ஸுக்கு முன்னால் அறைக்குள் ஒரு சோதனை. ஒரு நிமிடம் வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு விடச் சொல்லுங்கள், நீங்களும் கூடச் செய்யுங்கள். இன்னொன்று, 30 விநாடி தலையை இடமும் வலமும் ஆட்டி நிறுத்துவது. ஒரு நிமிடம் நாற்காலியில் சுற்றுவது, மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்லிய ஸ்ட்ரா வழியாக ஒன்று இரண்டு நிமிடம் மூச்சு விடுவது, நின்ற இடத்தில் ஒரு நிமிடம் ஓடுவது என்று வரிசையாகச் செய்யலாம். ஒவ்வொன்றும் முடிந்ததும் பஸ்ஸில் வந்த உணர்வை இது எவ்வளவு ஒத்திருக்கிறது என்று பத்துக்கு மதிப்பெண் கேளுங்கள். 6-க்கு மேல் வந்ததைத் தேர்ந்தெடுத்து, "இப்போது மயங்குவேன்" என்ற கணிப்போடு அடுத்தடுத்து நாலைந்து முறை, வீட்டிலும் தினமும். இங்கே பெரும்பாலும் கெட்டுப்போவது ஒரே காரணத்தால்: தலை சுற்றத் தொடங்கியதும் நாமே பயந்து "போதும் போதும்" என்று நிறுத்திவிடுவோம். அதிலிருந்து அவர் கற்றுக்கொள்வது, சிஸ்டருக்கே பயம் என்பதைத்தான். வலிப்பு நோய், இதய நோய், கடுமையான ஆஸ்துமா, கர்ப்பம் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் இவற்றைச் செய்யக் கூடாது.

மூச்சுப் பயிற்சி பற்றிக் கேட்டீர்கள். தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்து "இதைச் செய்யாவிட்டால் விழுந்திருப்பேன்" என்று நினைத்துச் செய்தால் அது பாதுகாப்புச் செயலாக மாறிவிடுகிறது. பத்திரமாக இறங்கினாலும் பெயர் மூச்சுக்குப் போகும், கணிப்பு பொய்த்தது மனதில் பதியாது. கையில் எலுமிச்சம்பழம், கண்டக்டர் பக்கத்து சீட், ஜன்னல் கம்பியை இறுகப் பிடிப்பது, கணவரோடு போனில் பேசிக்கொண்டே வருவது, முந்தின நாளிலிருந்தே சாப்பிடாமல் இருப்பது எல்லாவற்றுக்கும் அதே விதி. ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள்: "இது இல்லாவிட்டால் என்ன ஆகும்?" பதில் "கொஞ்சம் குமட்டும்" என்றால் விட்டுவிடுங்கள், அது வசதி. "போயிடுவேன்" என்றால் பட்டியலில் சேருங்கள். ஒரே இஞ்சி மிட்டாய் ஒருவருக்கு வசதி, இன்னொருவருக்கு உயிர்க்கவசம்.

பஸ் படிகளை நீங்கள் போடாதீர்கள், அவர் போடட்டும். உதாரணத்துக்கு: குன்னூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கும் பஸ்ஸில் பத்து நிமிடம் உட்காருவது, காட்டேரி பூங்கா வரை போய்த் திரும்புவது, மரப்பாலம், பர்லியார், பிறகு மேட்டுப்பாளையம் வரை துணையோடு, அப்புறம் தனியாக, கடைசியில் நெரிசல் நேரத்தில் நடு சீட்டில் ஸ்வெட்டரைக் கழற்றாமல். வரிசையாகத்தான் ஏற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எந்தப் பயணம் அவருடைய கணிப்பை அதிகமாகப் பொய்யாக்குமோ அதுவே நல்ல பயணம். பயம் குறையும்வரை உட்கார வேண்டும் என்று பழைய பயிற்சிகளில் சொல்வார்கள். உளவியலாளர் மிஷேல் கிராஸ்க்கும் அவர் குழுவும் 2014-இல் எழுதியதற்குப் பிறகு அளவுகோல் மாறிவிட்டது: பயம் இறங்கியதா என்பதைவிட, எதிர்பார்த்தது நடந்ததா என்பதைக் கேட்கிறோம். பயம் 70-லேயே இருந்து, மயக்கம் வராமல் பர்லியாரில் இறங்கினால் அந்தப் பயணம் வெற்றி.

---

உதகை மருத்துவர் (பதில் 2):

மேலே சொன்னதோடு மருத்துவப் பக்கம் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

மலைப்பாதை வாந்தி, உள்காதுத் தலைசுற்றல், பேனிக் மூன்றையும் பிரித்துக்கொள்ளுங்கள். வாந்தி வகை கொட்டாவி, எச்சில் ஊறல், குமட்டலில் தொடங்கி, வளைவுக்கு வளைவு கூடி, இறங்கியபின் மெல்லத் தணியும். உள்காதுப் பிரச்சினை என்றால் படுக்கையில் புரண்டு படுத்தாலும் அறை சுற்றும். பேனிக் பெரும்பாலும் பஸ் கிளம்பும் முன்பே தொடங்கி, பத்து நிமிடத்துக்குள் உச்சம் தொட்டு இறங்கும். ஒருவருக்கே இரண்டும் சேர்ந்து இருக்கலாம். அப்படியானால் வாந்திக்கான சிகிச்சையைத் தனியே கொடுப்பதில் தவறில்லை. காப்பி, டீ எத்தனை குடிக்கிறார் என்றும் கேளுங்கள். வெறும் வயிற்றில் இரண்டு டம்ளர் டீயோடு பஸ் ஏறுகிறவருக்குப் படபடப்பு வருவதில் வியப்பில்லை.

அல்பிரஸோலம்: தினமும் சாப்பிடுகிறாரா, பையில் மட்டும் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. தினசரி எடுப்பவர் தானாக நிறுத்தக் கூடாது. திடீரென்று விட்டால் பதற்றம் திருப்பி அடிக்கும், வலிப்புகூட வரலாம். எழுதிக் கொடுத்த டாக்டர்தான் வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். பையில் மட்டும் இருந்தால் அது முழுக்கப் பாதுகாப்புச் செயல். அதை முதல் நாளே பிடுங்காதீர்கள். முதலில் பையில், பிறகு மேலே லக்கேஜில், பிறகு வீட்டில் என்று விலக்கலாம். பயிற்சிப் பயணத்துக்கு முன் அதைப் போட்டுக்கொள்வது மட்டும் வேண்டாம், மாத்திரையின் தயவில் போனதாகவே பதியும். எஸ்சிடலோபிராம், செர்ட்ரலின் போன்ற மனச்சோர்வு, பதற்ற மருந்துகள் எடுப்பவர் சிபிடி தொடங்கிவிட்டோம் என்று அவற்றை நிறுத்த வேண்டியதில்லை, இரண்டும் ஒன்றாகப் போகும்.

பிரிட்டனின் நைஸ் (NICE) மருத்துவ வழிகாட்டுதல் பேனிக் கோளாறுக்கு மொத்தம் 7 முதல் 14 மணி நேரச் சிபிடி என்கிறது. ஏழெட்டு அமர்வில் பஸ் பக்கமே போகவில்லை என்றால் மேற்பார்வையாளரிடம் கட்டாயம் பேசுங்கள். மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்வித் தாளான பிஎச்க்யூ-9-ஐயும் நிரப்பி வாங்குங்கள். அதன் ஒன்பதாவது கேள்விக்கு 0 தவிர வேறு எதைப் போட்டாலும் பஸ் பயத்தை ஓரமாக வைத்துவிட்டு, தற்கொலை எண்ணம் பற்றி நேராகக் கேட்டு, அன்றைக்கே டாக்டரிடம் அனுப்புங்கள். இரவில் யாரும் கிடைக்காவிட்டால் கூப்பிட அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416 எண்ணை அவர் போனில் பதிந்து கொடுங்கள், தமிழிலேயே பேசலாம்.

---

பழனிமலை ஆலோசகர் (பதில் 3):

கொடைக்கானல் மேல்மலை, கீழ்மலை ஊர்களில் இதே வேலை. முதல் பதிலோடு முழுக்க உடன்படுகிறேன். எழுத வராதவர்களுக்கு என்ன செய்வது என்பதைச் சேர்க்கிறேன், ஏனென்றால் நம் மலைகளில் பாதி சிபிடி தாளிலேயே தோற்கிறது.

ஏழு கட்டம் போட்ட தாளைத் தோட்ட வேலை முடிந்து வருகிறவரிடம் கொடுத்தால் வெட்கத்தில் அடுத்த வாரம் வரவே மாட்டார். பத்து பீன்ஸ் விதையை மேசைமேல் வைக்கிறோம். "மயங்கி விழுவீங்கன்னு எத்தனை விதை நம்புறீங்க?" ஒன்பதை இந்தப் பக்கம் தள்ளுவார். சோதனை முடிந்தபின் மறுபடி தள்ளச் சொன்னால் ஆறு. மூன்று விதை இடம் மாறியதை அவர் கண்ணால் பார்க்கிறார். சதவீதம் சொல்லத் தடுமாறுகிறவர்கூட இதில் துல்லியமாக இருப்பார், அரை விதை வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. வீட்டுப்பாடத்துக்கு வாட்ஸ்அப் குரல் பதிவு போதும்: எங்கே, என்ன நடக்கும் என்று நினைத்தேன், என்ன நடந்தது. மூன்றே வாக்கியம்.

சிந்தனைப் பிழைகளின் பட்டியலை அச்சடித்துக் கொடுப்பதை நான் விரும்புவதில்லை. மிகைப்படுத்தல், மனதைப் படித்தல், கறுப்பு வெள்ளைப் பார்வை என்று பேர் தெரிந்ததும் பலர் அதையே தங்கள்மேல் குற்றமாகச் சுமத்திக்கொள்கிறார்கள்: "நான் எப்பவும் தப்பாத்தான் யோசிக்கிறேன்." மனச்சோர்வும் சேர்ந்திருந்தால் இது நிச்சயம் நடக்கும். சிபிடியைத் தொடங்கிவைத்த ஏரன் பெக் 1960-களில் மனச்சோர்வு நோயாளிகளிடம் கவனித்ததும் இப்படித் தானாக வந்து விழும் சுய பழிப்புகளைத்தான். நாம் அதற்கு இன்னொரு குச்சி எடுத்துக் கொடுக்கக் கூடாது.

பிஎச்க்யூ-9 பத்தோ அதற்கு மேலோ வந்து, சோர்வுதான் முன்னால் நிற்கிறதென்றால், எண்ணத்தை விட்டுச் செயலில் தொடங்குங்கள். ஒரு வாரம் மணிக்கணக்கில் என்ன செய்தார் என்று குறிக்கச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் மகிழ்ச்சிக்கு ஒன்று, சாதித்த நிறைவுக்கு ஒன்று என்று பத்துக்கு மதிப்பெண். அடுத்த வாரத்துக்கு இரண்டு மூன்று சின்ன வேலைகளை நாள், நேரம், இடத்தோடு குறிக்க வேண்டும். "நடக்கப் போவேன்" என்று எழுதினால் நடக்காது. "செவ்வாய் காலை ஏழரைக்குப் பால் ஊற்றிவிட்டு ரேஷன் கடை வரை" என்றால் நடக்கும். பனிமூட்டம் வாரக்கணக்கில் இறங்காத மாதங்களில் வீட்டுக்குள் செய்யக்கூடிய மாற்று ஒன்றையும் கூடவே எழுதுங்கள், மழையே சாக்காகிவிடும். கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில், பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள் இந்த முறையை 6 முதல் 8 அமர்வில் கொடுத்துக் கடும் மனச்சோர்வு குறைந்ததை 2017-இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்டது. செவிலியர் செய்யக் கூடாத வேலை என்று யாரும் சொன்னால் தயங்காதீர்கள்.

இன்னொன்று. எல்லாக் கவலையையும் எண்ணப் பிழை என்று எடுக்காதீர்கள். பசுந்தேயிலை விலை இறங்கிவிட்டது, கூட்டுறவு சங்கக் கடன் தவணை வருகிறது என்றால் அது உண்மையான பிரச்சினை. அதற்குச் சான்று தேடுவது அவமரியாதை. கடன் எவ்வளவு, யாரிடம் பேசலாம், இந்த வாரம் எடுக்கக்கூடிய முதல் அடி எது என்று பிரச்சினை தீர்க்கும் வழியில் போங்கள். நடக்காத ஒன்றை ராத்திரி மூன்று மணிக்கு மென்றுகொண்டிருந்தால் மட்டும் கவலை நேரம் உதவும்: மாலையில் 20 நிமிடம் ஒதுக்கி, மற்ற நேரத்தில் வருவதை ஒரு சொல்லில் குறித்து அந்த நேரத்துக்குத் தள்ளுவது.

---

குன்னூர் செவிலி:

மூவருக்கும் நன்றி. கேள்வியை வாக்கியமாக்கச் சொன்னதும் இவரிடம் மயக்கத்தைவிட அவமானம்தான் பெரிது என்று தெரிந்தது. 85 போட்டார். அதற்கு என்ன சோதனை வைப்பது? இன்னொரு சிக்கல். 2023 செப்டம்பரில் மரப்பாலம் பக்கம் சுற்றுலா பஸ் பள்ளத்தில் விழுந்ததைச் சொல்லி, "இது பொய்யா சிஸ்டர்?" என்கிறார். எனக்குப் பதில் வரவில்லை.

---

நீலமலை உளவியல்:

பொய்யில்லை என்றே சொல்லுங்கள். ஒன்பது பேர் இறந்த விபத்து. அதை மழுப்பினால் உங்கள்மேல் இருக்கும் நம்பிக்கை போய்விடும். கேட்க வேண்டியது வேறு: "அன்றைக்குப் பஸ்ஸில் வந்த பயம் பஸ் உருளும் என்றா, நீங்கள் விழுவீர்கள் என்றா?" பெரும்பாலும் இரண்டாவதாகத்தான் இருக்கும். விபத்து பின்னால் வந்து காரணமாக ஒட்டிக்கொண்டிருக்கும். காரில் போகத் தயார் என்பதே அதற்குச் சான்று, காரும் அதே வளைவில்தான் இறங்குகிறது. இதை வாதமாக வைக்காமல் கேள்வியாக வைத்து அவரையே யோசிக்க விடுங்கள்.

விபத்துப் பயமே மையமென்று தெரிந்தால், நூறு சதவீத உத்தரவாதம் தேடுவதைக் குறைப்பதுதான் வேலை. கனமழையில் மண்சரிவு எச்சரிக்கை வந்த நாளில் பயணத்தைத் தள்ளிப்போடுவது நியாயமான எச்சரிக்கை, அதைத் தொடாதீர்கள். வெயில் நாளிலும் கிளம்பும் முன் விபத்து வீடியோக்களைத் தேடிப் பார்ப்பது, டிரைவர் தூக்கக் கலக்கத்தில் இருக்கிறாரா என்று முகத்தை ஆராய்வது, பிரேக் வாசனை வருகிறதா என்று மோப்பம் பிடிப்பது ஆகியவற்றைத்தான் நிறுத்த வேண்டும்.

அவமானத்துக்கு இரண்டு சோதனை. முதலாவது கருத்துக் கேட்பு. "பஸ்ஸில் ஒருவர் தலை சுற்றி இறங்கக் கேட்டால் அவரைப் பற்றி என்ன நினைப்பீர்கள்?" என்று பத்துப் பேரிடம் நீங்கள் கேட்டு எழுதி வாருங்கள், பெயர் வேண்டாம். எத்தனை பேர் "பைத்தியம்" என்பார்கள் என்று அவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பஸ்ஸில் வாந்தி எடுப்பவரைத் தினமும் பார்க்கிற ஊர் நம்முடையது. பதில்கள் பெரும்பாலும் "தண்ணி கொடுப்பேன்" என்ற வகையில்தான் வரும்.

இரண்டாவது நேரடி. அவர் பயப்படுவதை வேண்டுமென்றே கொஞ்சம் செய்வது: பர்லியார் நெருங்கும்போது கண்டக்டரிடம் "தலை சுத்துது, இங்கேயே இறங்கிக்கிறேன்" என்று பக்கத்தில் உள்ளவர்களுக்குக் கேட்கும்படி சொல்லி, நிறுத்தத்தில் இறங்கி, அடுத்த பஸ் பிடிப்பது. முதல் தடவை நீங்கள் கூடப் போய் இரண்டு சீட் பின்னால் உட்காருங்கள். எத்தனை பேர் திரும்பிப் பார்த்தார்கள், எத்தனை விநாடி, யார் என்ன சொன்னார்கள் என்பதை நீங்கள் குறிக்க வேண்டும், அவர் குனிந்துகொண்டு கவனிக்காமல் விட்டுவிடுவார். அவர் நிமிர்ந்து முகங்களைப் பார்ப்பதும் சோதனையின் ஒரு பகுதி. குனிந்தே இருந்தால் "எல்லாரும் பார்த்தாங்க" என்ற கற்பனைதான் மிஞ்சும்.

யாராவது ஒருவர் எரிச்சலாக ஏதோ சொல்லவும் வாய்ப்பிருக்கிறது. அதை முன்பே பேசி வையுங்கள்: சொன்னால் எவ்வளவு நேரம் வலிக்கும், மறுநாள் எவ்வளவு இருக்கும் என்று அதற்கும் ஒரு கணிப்பு வாங்குங்கள். அப்போதுதான் கெட்ட பயணமும் பயன்படும்.

கணிப்பைப் பஸ் ஏறும் முன், டிக்கெட் வாங்குவதற்கும் முன்னாலேயே எழுதி மடித்து உங்களிடம் கொடுக்கச் சொல்லுங்கள். இறங்கிய பிறகு எழுதினால் 85 என்பது "அப்படி ஒன்னும் நினைக்கலையே, நாப்பது இருக்கும்" என்று மாறிவிடும், சோதனையே வீணாகும்.